அண்ணாசாமி குடிவந்த அடுக்குமாடி

சிங்கப்பூர்த் தமிழ் நாடகத்தில் எத்தனையோ பாத்திரங்கள் வந்து போயிருக்கின்றன. அவர்களில் முதலிடம் யாருக்கு என்று கேட்டால், யோசிக்காமல் அண்ணாசாமிக்கு என்றுதான் சொல்வேன். அவர் தொலைக்காட்சியில் பிறந்தவர் அல்லர். 1969-70இல் சிங்கப்பூர் வானொலியில் 52 வாரம் ஒலித்த 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகர். எழுதியவர் புதுமைதாசன் என்ற புனைபெயர் கொண்ட பி. கிருஷ்ணன். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் தந்தவரும் அவரே. கலைஞர்களுக்கு இந்த நாடு தரும் உயரிய விருதான கலாசாரப் பதக்கத்தையும் பெற்றவர். எங்கள் வீட்டில் மட்டும் அவருக்கு வேறு பெயர் இருந்ததில்லை. 'அண்ணாசாமி எழுதுறவரு' என்றுதான் அப்பா சொல்வார்.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அடுக்குமாடி வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம், கணவன் மனைவி வாக்குவாதம், அக்கம்பக்கத்தார், அன்றாடச் சிக்கல்கள். இதற்கு ஏன் இத்தனை மதிப்பு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அந்த ஆண்டுகளில் நாங்கள் எங்கே இருந்தோம், எங்கே போய்க்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால்தான் அது புரியும்.

நான் பிறந்தது செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே தமிழர்களும் மலையாளிகளும் நிறைய இருந்தார்கள். கோயில், பள்ளிக்கூடம், வாசகசாலை, மளிகைக்கடை எல்லாம் நடக்கும் தொலைவில் இருந்தன. பங்குனி உத்திரத்துக்குப் பால சுப்பிரமணியர் கோயிலில் கூடும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இன்னார் மகன், இன்னார் மருமகள் என்று அடையாளம் தெரியும். இப்படித்தான் துறைமுகத் தொழிலாளர் தஞ்சோங் பகாரிலும், ரயில்வேக்காரர்கள் ரயில் பாதை ஓரத்திலும், நகராட்சித் தொழிலாளர் தங்கள் வரிசை வீடுகளிலும், செட்டியார்கள் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளிலும் வாழ்ந்தார்கள். தீவு முழுக்கச் சின்னச் சின்னத் தமிழ் ஊர்கள் இருந்த காலம் அது. எல்லா ஊருக்கும் தலைவாசல் சிராங்கூன் ரோடு. தீபாவளிக்குத் துணி எடுக்கவும் தேக்காவில் ஆட்டிறைச்சி வாங்கவும் அங்கேதான் வருவோம்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. 1971க்குள் போய்விடுவோம் என்றார்கள். கடற்படைத் தளத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றன. பலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறினார்கள். எங்கள் வரிசையில் காலியான வீடுகளின் வாசலில் துளசி மாடங்கள் மட்டும் நின்றது நினைவிருக்கிறது. தங்கிவிட்டவர்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல்தான் தொடங்கியது. பத்தே ஆண்டில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அது கட்டிய வீடுகளில் இருந்தார்கள். 1969இல் தோ பாயோவில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது.

குழாயைத் திருகினால் தண்ணீர், விசையைத் தட்டினால் விளக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. அம்மாவுக்கு அது சொர்க்கம்தான். ஆனாலும் முதல் சில மாதம் அவர் பேச்சுக்கு ஏங்கிப்போனார். ஒரு பக்கம் ஹொக்கியன் பேசும் பாட்டி, இன்னொரு பக்கம் மலாய்க் குடும்பம். எங்கள் தளத்தில் வேறு தமிழ் வீடு இல்லை. மேலே எங்கோ ஒரு வீட்டில் மட்டும் தமிழ்ப் பாட்டு கேட்கும். அண்ணாசாமி ஒலிபரப்பாகும் நேரத்தில் அம்மா கதவைத் திறந்தே வைத்திருப்பார். மேல்மாடி வானொலியிலும் அதே குரல் கேட்கும். அங்கே சிரிப்பார்கள், இங்கேயும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் அம்மா அந்த வீட்டைத் தேடிக்கொண்டு படியேறினார். அப்படி அறிமுகமான அத்தைதான் பிற்பாடு என் திருமணத்துக்கு முன்னின்று எல்லாம் செய்தார்.

சிதறிப்போன ஊர் வாரம் ஒருமுறை கூடிய இடம் அந்தத் தொடர். சிங்கப்பூர்த் தமிழ் நாடகங்களைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். மற்ற நாடுகளில் ஒரு சிற்றூரைப் பார்த்து நாடகத்தில் சிற்றூர் படைப்பார்கள். கென்யாவில் பெரும் வரவேற்புப் பெற்ற 'மகுதானோ ஜங்ஷன்' என்ற தொலைக்காட்சித் தொடர்கூட ஒரு கற்பனைச் சிற்றூரின் மனிதர்களை வைத்துத்தான் உழவையும் உடல்நலத்தையும் பேசியது. அங்கே பார்ப்பவர்களுக்கும் அதுபோல ஓர் ஊர் இருந்தது. எங்களுக்கோ ஊர் கலைந்த பிறகு, நாடகத்தில் மட்டுமே ஊர் மிஞ்சியது.

அண்ணாசாமிக்கு முன்பும் இங்கே நாடகம் இருந்தது. தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த குழுக்கள் புராணமும் அரசர் கதையும் நடத்தின. சீர்திருத்தச் சங்கங்கள் வந்த பிறகு, கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' காலத்தில், சாதியையும் குடியையும் சாடும் சமூக நாடகங்கள் மேடையேறின. வானொலியில் ந. பழநிவேலு போன்றவர்கள் நாடக மரபை வளர்த்தார்கள். இவர்கள் போட்ட பாதை பெரியது. என்றாலும் அந்த மேடைகளில் வந்த ஊர் பெரும்பாலும் காவிரிக் கரையில்தான் இருந்தது. சாலையின் பெயரும் மாடியின் எண்ணும் நம்முடையதாக இருக்கும் தமிழ்க் குடும்பம் எல்லார் காதிலும் நிலைத்தது அண்ணாசாமி வந்த பிறகே.

தொலைக்காட்சி அதற்குள் வந்துவிட்டிருந்தது. 1963 பிப்ரவரி 15 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் அதைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்தினம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். நாடகத்தின் வலிமை அவருக்கு நன்றாகவே தெரியும். அமைச்சராவதற்கு முன்பே, 1957இல், மலாயா வானொலிக்கு ஆறு பகுதி நாடகம் எழுதியவர் அவர். பல இனத்தார் ஒரு நாடாவது எப்படி என்பதுதான் அதன் பொருள். புதிய தொலைக்காட்சி நான்கு மொழிகளிலும் பேசியது. அதே ஆண்டு நவம்பரில் ஒளிவழி 8 வந்தது, அதில் சீன நிகழ்ச்சிகளோடு தமிழும் இடம்பெற்றது. வீட்டில் பெட்டி இல்லாதவர்கள் சமூக மன்றத்துக்குப் பாயோடு போய் இடம் பிடிப்பார்கள். தமிழ் நாடகம் வரும்போது சீனப் பாட்டிகளும் எழுந்து போக மாட்டார்கள். மாமியார் முகத்தைப் பார்த்தே கதையைப் புரிந்துகொள்வார்கள்.

எழுபதுகளின் இறுதியில் எனக்கும் அந்தப் பெட்டிக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தது. அப்போது நான் இளம் ஆசிரியை. தொலைக்காட்சி நிலையம் இருந்த கால்டிகாட் குன்றில் நாடகம் நடித்தவர்கள் எல்லாருமே என்னைப் போலப் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். ஆசிரியர், தபால்காரர், துறைமுக எழுத்தர், மருத்துவமனைத் தாதி. வேலை முடிந்து தாம்சன் ரோட்டில் பேருந்தை விட்டிறங்கி, ஆண்ட்ரூ ரோட்டு ஏற்றத்தை ஏறி, வியர்த்து வந்து சேருவோம். கூடம் என்று மூன்று பலகைச் சுவர்கள் நிற்கும். சன்னலுக்கு வெளியே எதிர்ப் புளோக்கைத் துணியில் தீட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கொடிக்கம்பத்தில் காயும் துணி வரைக்கும் வரைந்திருப்பார் அந்த ஓவியர். முருகன் படமும் எவர்சில்வர் கூஜாவும் ஏதாவது ஒரு நடிகர் வீட்டிலிருந்து வரும். ஒரு முறை என் அம்மாவின் உணவு அடுக்கைக் கொண்டுபோனேன். ஒத்திகையில் அதைத் திறந்துகாட்டும்போது உள்ளே ஒன்றும் இல்லாததால் கைக்குக் கனம் தெரியவில்லை என்று தயாரிப்பாளர் நிறுத்திவிட்டார். கீழே கோப்பிக் கடையிலிருந்து சோறு வாங்கி வரச் சொன்னார். சோறு வந்த பிறகு மாமனாருக்குச் சாப்பாடு கட்டும் மருமகளாக நான் நின்ற விதமே மாறிவிட்டது. இப்படி ஒரு கூஜாவுக்கும் ஓர் அடுக்குக்கும் பாடுபட்ட மனிதர்களை நான் இன்றுவரை வணங்குகிறேன். அவர்களுக்குக் கிடைத்தது சொற்பப் பணம். மறுநாள் காலை பேருந்தில் யாராவது 'நேத்துப் பாத்தேம்மா' என்று சொன்னால் போதும் அவர்களுக்கு.

அந்த நாடகங்களில் அரசாங்க இயக்கங்களின் சாயல் நிறைய உண்டு. 1968இல் தூய்மை இயக்கம், 1972இல் இரண்டு பிள்ளை போதும் என்ற இயக்கம், 1979இல் மரியாதையாகப் பழகச் சொன்ன இயக்கம். மாடியிலிருந்து குப்பை வீசாதே என்று பாட்டிக்கு எடுத்துச் சொல்லும் பேத்தியாக நானே வசனம் பேசியிருக்கிறேன். செய்தியைச் சொல்லத்தான் பாத்திரம் என்று எழுதப்பட்ட நாடகங்கள் மறுவாரமே மறந்துபோயின. குப்பை வீசும் பாட்டி ஏன் வீசுகிறாள், அத்தாப்பு வீட்டில் கொல்லைப்புறம் வைத்து வாழ்ந்தவளுக்கு மின்தூக்கி ஏறி இறங்க ஏன் பயம் என்று எழுதியவர்களின் நாடகங்கள் நிலைத்து நின்றன.

யாரை விட்டுவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். நாங்கள் நடித்த குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே விபூதி பூசிய குடும்பங்கள். தஞ்சோங் பகாரில் அம்மியில் மசாலா அரைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்த கடையநல்லூர் முஸ்லிம் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு நான் நடித்த நாடகம் ஒன்றிலும் இடம் இருக்கவில்லை. அவர்களுடைய பேச்சின் அழகு திரையில் வந்திருந்தால் நம் நாடகத் தமிழே வேறு மாதிரி வளர்ந்திருக்கும். பிறகு கட்டுமான வேலைக்குத் தமிழகத்திலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் திரும்பும் பக்கமெல்லாம் அவர்கள்தான். நான் பார்த்த தொடர்களில் நெடுங்காலம் அவர்கள் சிரிக்கவைக்க வந்தார்கள், அல்லது இரங்கவைக்க வந்தார்கள். 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு தமிழ்த் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்து, கலவரம் மூண்டபோது, என் உறவினர்கள் சிலர் அவர்களை 'அவனுங்க' என்று பேசினார்கள். எனக்கு மனம் மிகவும் வேதனைப்பட்டது. என் அப்பாவும் வரிசை வீட்டில் பத்துப் பேரோடு படுத்துறங்கி ஊருக்குப் பணம் அனுப்பியவர்தான்.

அதற்கிடையே நிலையம் பலமுறை பெயர் மாறியது. தமிழ் நிகழ்ச்சிகள் 1995இல் ஒளிவழி 8ஐ விட்டுப் பிரைம் 12க்குப் போயின. 2000இல் 'வசந்தம் சென்ட்ரல்' ஆகின. 2008 அக்டோபர் 19 அன்று 'வசந்தம்' தனி ஒளிவழியாயிற்று. முழுநேர நடிகர்கள் உருவானார்கள். 'வேட்டை' போன்ற போலிஸ் தொடர்கள் வந்தபோது, சிங்கப்பூர்ச் சீருடையில் தமிழ் பேசும் அதிகாரியைப் பார்த்து என் பேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. சென்னைத் தொடர்கள் நாள் முழுக்க வீட்டுக்குள் பாயும் காலத்தில், நம் பிள்ளைகள் பேசுகிற தமிழில், நம் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கதை நடப்பது பெரிய காரியம்.

அந்தப் புளோக்குகளும் இதற்கிடையே மாறியிருந்தன. 1989இல் வீவக குடியிருப்புகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒரு புளோக்கில் இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அது பின்னர் 15 ஆயிற்று. இந்தக் கொள்கையை நான் குறை சொல்லவில்லை. ஹொக்கியன் பாட்டி சுட்டுக் கொடுத்த அன்னாசி பிஸ்கட்டையும், நாங்கள் 'மக்சிக்' என்று அழைத்த அண்டைவீட்டு மலாய் அம்மையார் கொடுத்த கெத்துப்பாட்டையும் தின்று வளர்ந்தவள் நான். ஆனால் தமிழ் ஊர் என்று ஒன்று இனி மண்ணில் அமையாது என்பதும் அதோடு முடிவாகிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு நாடகம் எழுதுகிறவர் கையில் இருக்கும் பொறுப்பு பெரியது.

'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' நூலாக அச்சேறியதால் பிழைத்தது. 2015இல் தேசிய நூலகத்தோடு சேர்ந்து தொண்டர்கள் தமிழ் நூல்களை மின்வடிவாக்கினார்கள், பிறகு மேடை நாடகங்களுக்கும் அதைச் செய்தார்கள். அருமையான பணி. தொலைக்காட்சி நாடகப் பிரதிகளுக்கும் அப்படி ஒரு முயற்சி வேண்டும். தட்டச்சில் நீல மைத்தாள் வைத்து அடித்த அந்தப் பிரதிகள் இன்னும் பல பழைய நடிகர்களின் அலமாரியில் இருக்கின்றன. என்னுடையவற்றில் முதல் பக்கத்தில் பாத்திரப் பட்டியல் இருக்கும், ஓரத்தில் எந்தக் காட்சிக்கு எந்தச் சேலை என்று பென்சிலில் குறித்திருப்பேன். பெரியவர்கள் மறைந்து, பிள்ளைகள் சிறிய வீட்டுக்கு மாறும்போது இந்தக் கட்டுகள்தான் முதலில் வெளியே போகின்றன. பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் எடைக்குப் போடுமுன் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்கு ஒரு முறை தொலைபேசியில் சொல்லுங்கள்.