கிட்டங்கி

காரைக்குடிப் பக்கத்துப் பெரியவர்கள் வாயில் ‘கிட்டங்கி’ வெறும் சரக்கறை அல்ல. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் லேவாதேவி நடத்திய நீண்ட கூடம் அது. ஒரே கூரைக்கடியில் பல கடைகள். ஆளுக்கொரு பெட்டி, ஒரு கணக்கு மேசை, இரவில் படுக்க அதே இடம். நம் கிடங்கு, மலாயின் குடாங், ஆங்கிலேயரின் கோடவுன் எல்லாம் இதன் பங்காளிகள்.

இன்றைய ‘ஹோஸ்டிங்’கும் எனக்குக் கிட்டங்கியாகத்தான் தெரிகிறது. எங்கோ இருக்கும் சர்வரில், பலருக்கு நடுவே நமக்கும் ஒரு மூலை. அன்று நகரத்தார் முதலாளி ஊரிலிருந்தே ரங்கூன் கடையை நடத்திய மேலாளுக்குக் கடிதம் எழுதினார். நாம் எஸ்எஸ்ஹெச் (செக்யூர் ஷெல்) வழியாக அந்த சர்வருக்குக் கட்டளை அனுப்புகிறோம். கடிதத்தை வழியில் பிரித்துப் படித்துவிடலாம். இதில் முடியாது, எல்லாம் மறையெழுத்து. கடவுச்சொற்கள் களவுபோனதைப் பார்த்து, 1995-இல் பின்லாந்துக்காரர் தத்து யுலோனென் எழுதிய நிரல் இது. வழக்கமான வாசல் (போர்ட்) எண் 22.

எஸ்எஸ்ஹெச் என்ற பெயருக்குள் இருக்கும் ‘ஷெல்’, நம் கட்டளையை வாங்கி உள்ளே கொடுக்கும் மேலோடு. தமிழில் ‘ஓடு’ என்றே வைக்கலாம், ஏவலாகவும் பொருந்தும். செட்டிநாட்டில் மட்டும் முதலில் கூரைதான் நினைவுக்கு வரும்.