சட்டமும் சுவடியும்

கைப்பேசி வாங்கியதும் அதற்கு ஓர் உறை வாங்குவது இக்காலத்து வழக்கம். ரப்பர் உறை, தோல் உறை, புத்தகம்போல் மடங்கும் உறை என்று கடைவீதிகளில் விதவிதமாகத் தொங்குகின்றன. வர்ணம் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம். விஷயம் தெரிந்தவரோ நான்கு மூலைகளையும் அழுத்திப் பார்ப்பார். கண்ணாடியைவிட விளிம்பு சற்று உயர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். குப்புற விழுந்தாலும் அடி விளிம்போடு போய்விடும் அல்லவா?

இந்த யுக்தி நம் முன்னோருக்கும் தெரிந்ததுதான். ஓலைச் சுவடிக்கு மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். சட்டம் ஓலையைவிடச் சிறுத்தால் ஓரம் ஒடியும். ஆகவே அளவு பார்த்துச் செய்தார்கள். ஏட்டில் இரண்டு துளை. ஒன்றில் கயிறு, மற்றொன்றில் ஏடுகள் நகராதபடி நாராசம் என்னும் கம்பி. கயிற்றை இறுக்கினால் துளை கிழியும். தளர்த்தினால் ஏடுகள் ஒன்றோடொன்று உரசி எழுத்துத் தேயும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணிச் சுற்று.

இவ்வளவு பக்குவமும் போதுமா? சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராஜபாளையம் சாலையில் இருக்கும் கரிவலம்வந்தநல்லூர் இதற்கு விடை சொல்லும். வரதுங்கராம பாண்டியர் என்ற தமிழ்ப் புலவரான மன்னர் இருந்த ஊர் அது. சந்ததியில்லாத அவருடைய ஏடுகள் பால்வண்ணநாதர் கோயிலைச் சேர்ந்தன என்பது மரபு. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், உ. வே. சாமிநாதையர் அந்த ஏடுகளைத் தேடிக்கொண்டு ஆசையோடு அங்கே போனார். ஏடுகள் இல்லை. சிதைந்துபோன ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்று, ஆகமம் சொல்வதாக எண்ணி, தீ வளர்த்து நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டார்களாம்! 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த ‘என் சரித்திர’த்தில் ஐயர் இந்தத் துயரத்தைச் சொல்லியிருக்கிறார்.

நாவலாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு துஷ்டனைக் கொண்டுவந்து நிறுத்தலாம். உண்மையில் அங்கே துஷ்டன் எவனும் இல்லை. எரித்தவர்கள் பக்தியோடுதான் எரித்தார்கள். தமிழுக்கு அகௌரவம் நேரக்கூடாது என்ற எண்ணமே அந்த நெருப்பை மூட்டியது. எந்த நூல்கள் போயின என்று சொல்லக்கூட யாரும் மிஞ்சவில்லை.

இதற்கு நேர்மாறானது சீவக சிந்தாமணியின் கதை. அதன் ஏடுகளும் பூச்சி அரித்தவைதாம். ஆனால் யாரோ பிரதி செய்தவை ஒரே ஊரில் முடங்காமல் பல இடங்களில் இருந்தன. இங்கே உதிர்ந்த வரி அங்கே கிடைத்தது. அவற்றை ஒப்புநோக்கி ஐயர் 1887-இல் நூலை அச்சேற்றினார். அதைக் காப்பாற்றியது சட்டம் அல்ல. கண்வலிக்க உட்கார்ந்து மறுபடி எழுதிய பெயர் தெரியாத மனிதர்களின் விரல்கள்.

ஆகையால், நல்ல உறையாகவே பார்த்து வாங்குங்கள், அம்மணி. விளிம்பையும் மூலையையும் கவனியுங்கள். ஆனால் உள்ளே இருக்கும் பேரக் குழந்தையின் படத்துக்கும், இனிமேல் கேட்கமுடியாத ஒருவரின் குரலுக்கும் இன்றைக்கே வேறோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.