கத்திவாக்கம் என்றொரு ஊர்

போன மாதம் பேரன் ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். "தாத்தா, சொந்த ஊர் எண்ணூர்னு போடட்டுமா?" என்றான். "கத்திவாக்கம்னு போடுடா" என்றேன். "அது ரயில்வே ஸ்டேஷன் பேராச்சே!" என்றான். அப்போது சிரித்துவிட்டேன். இரவு படுத்தபிறகு மனசு கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு மூன்று பக்கமும் தண்ணீர். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம். தெற்கே மட்டும்தான் தரை வழி. எர்ணாவூர், அதைத் தாண்டினால் திருவொற்றியூர்.

ஊர் பழையது. 1708-ல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, சாத்தங்காடு, ஐந்தாவதாகக் கத்திவாக்கம். நுங்கம்பாக்கமும் நாங்களும் ஒரே பட்டியலில் போனவர்கள்! இன்று அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை, இங்கே என்ன விலை என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் மதராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். பிறகு அது வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்து மேலும் வெட்டினார்கள். 1878-ல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். உப்பும் விறகும் படகில் பட்டணம் போன வழி அது. வெள்ளைக்காரர்கள் காற்று வாங்க வந்து தங்கிய இடமும் எண்ணூர்தான்.

சுதந்திரத்துக்குப் பின் காலம் மாறியது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்தான் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1970-ல் அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, 2017-ல் மூடினார்கள். 2001-ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டது ஆலைச் சங்குதான், மறுக்கமாட்டேன்.

ஆனால் முகத்துவாரத்தை நம்பியவர்கள் கதை வேறு. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாம்பல் படிந்து ஆற்றின் ஆழம் குறைந்துவிட்டது. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. ஜனங்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் முகத்துவாரத்துக்கே வந்தது. படகும் வலையும் கறுத்துப் போயின.

2011-ல் கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. திருவொற்றியூர் மண்டலத்தில் சில வார்டுகள் ஆனோம். அன்றுமுதல் ஊர்ப் பெயரைச் சொல்பவர்களும் குறைந்துபோனார்கள். பெயர் இல்லாத ஊருக்கு ஒரு கெடுதல் வந்தால், யாருக்கு வந்தது என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. என் கவலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பேரனை முகத்துவாரத்துக்கு அழைத்துப் போனேன். இறால் கூறு ஒன்று வாங்கினோம். திரும்பி வரும்போது, "படிவத்தில் கத்திவாக்கம்னே எழுதிட்டேன் தாத்தா" என்றான்.