கேசட் போய்ச் சேர்ந்தது

மலேசியாவின் காம்பாரிலும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் ஒரு தலைமுறைக்குப் பாட்டைக் கையில் கொடுத்த கேசட் இன்று புழக்கத்தில் இல்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டி, லயத்து வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் வானொலி போடுவதைத்தான் கேட்க முடியும். கேசட் வந்த பிறகு, நமக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்டோம்.

உள்ளே இருந்த நாடாவுக்கு 4 மில்லிமீட்டர் அகலம்கூடக் கிடையாது. 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம். பிடித்த பாட்டு மறுபடியும் வேண்டுமென்றால் பின்னால் சுற்றி, குத்துமதிப்பாக நிறுத்த வேண்டும். பெரும்பாலும் முந்தைய பாட்டின் கடைசி அடியில்தான் போய் நிற்கும். நாடா சிக்கிக்கொண்டால் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவோம். தாண்டிப் போவது அவ்வளவு தொல்லை என்பதால் முழுப் பக்கத்தையும் ஓடவிட்டோம். மெதுவாக மனதில் இறங்கும் பாட்டுகள் அதனால்தான் பிழைத்தன.

அலிகேட்ஸ் குழுவின் பாட்டுகள் அந்த ரகம். பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் முன்னின்று பாடிய குழு அது. எம். நாசிர் போன்றவர்கள் இசையமைத்த மலாய்க் காதல் பாட்டுகளை லோகா பாடியபோது, மலாய் வீடு, தமிழ் வீடு என்ற வேறுபாடு இருக்கவில்லை. கேசட் அட்டையில் அடர்ந்த சுருட்டை முடியோடு நின்ற அந்த முகம் எல்லாருக்கும் சொந்தக்காரன் மாதிரி. இந்த நாட்டின் பொதுமேடையில் நம் பிள்ளைகள் இருவர் அவ்வளவு உயரம் போனது சாதாரணமில்லை. நுரையீரல் புற்றுநோயால் லோகா 2007 ஜூன் 4-ஆம் தேதி மறைந்தார். அதற்குள் கேசட்டும் கடைசி மூச்சில்தான் இருந்தது.

1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு முதல் அடி கொடுத்தது. கைப்பேசி மிச்சத்தை முடித்தது. இங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1985-இல் ஈய விலை சரிந்து, காம்பார் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கு ஆட்டம் கண்டது. ரப்பர் மரம் நின்ற இடங்களுக்குச் செம்பனை வந்தது. லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் கிளம்பிய குடும்பங்கள் மூட்டையில் கட்டியது பாத்திரமும் துணியும்தான்.

அலிகேட்ஸ் பாட்டுகளை இன்றும் கேட்கலாம். அவை எங்கும் போய்விடவில்லை. போய்க்கொண்டிருப்பது வேறு. வெற்றுக் கேசட் வாங்கி, கல்யாண வீட்டு நலங்குப் பாட்டையும் தோட்டத்துக் கோயில் திருவிழாவையும் பாட்டியின் தாலாட்டையும் நாமே பதிந்து வைத்தோமே, அவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளை படிந்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாடாவும் கெடும், கருவியும் கெடும். துடைத்துப் பதிவை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீட்டில் பழைய பிஸ்கட் டின்னில் கேசட் கிடந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். யார் குரல் என்று சொல்லக்கூடிய பெரியவர் இருக்கும்போதே அட்டையில் பெயரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்.