சத்தமில்லாத குத்து

மகாவீரன் ஒருவன் எதிரியின் தாடையில் ஓங்கிக் குத்துகிறான். அடிபட்டவன் சுவரைப் பிளந்துகொண்டு போய் விழுகிறான். அமெரிக்கப் பத்திரிகையில் அந்த இடத்தில் 'டமார்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பிரெஞ்சுப் பதிப்பிலோ சத்தத்தையே காணோம். யாரோ ஒரு சித்திரக்காரர் பொறுமையாக உட்கார்ந்து அதை அழித்திருக்கிறார். எதற்காக இந்த வேலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

யுத்தம் முடிந்த பிறகு பிரான்ஸில் அமெரிக்கச் சித்திரக் கதைகள் வந்து குவிந்தன. கம்யூனிஸ்டுகளுக்கு அமெரிக்கச் சரக்கு ஆகாது. கத்தோலிக்கர்களுக்கு ஒழுக்கக் கேடு ஆகாது. மற்றச் சமயங்களில் கீரியும் பாம்புமாக இருந்த இரு தரப்பாரும் இதில் மட்டும் ஒரே குரலில் கூச்சல் போட்டார்கள். 1949 ஜூலை 16-ந் தேதி சட்டம் பிறந்தது. சிறுவர் பத்திரிகைகளில் கொள்ளை, பொய், திருட்டு, சோம்பல், கோழைத்தனம் முதலியவற்றை மெச்சிக் காட்டலாகாது. கண்காணிக்க ஒரு கமிஷனும் ஏற்பட்டது.

அடுத்த வருஷம் லியோன் நகரத்தில் மார்ஸெல் நவாரோவும் ஒகுஸ்த் விஸ்தெலும் 'லூக்' என்ற பிரசுராலயத்தைத் தொடங்கினார்கள். நவாரோ சூடுகண்ட பூனை. அவர் முன்பு கதை எழுதிய 'ஃபான்டாக்ஸ்' என்ற வீரன் 1949-இலேயே மறைந்து போனான். அதை வரைந்து வெளியிட்ட பியேர் மூஷோ பல வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? 1969 பிப்ரவரியில் 'ஃபான்டாஸ்க்' என்ற பத்திரிகையில் மார்வெல் வீரர்களைப் பிரெஞ்சு பேச வைத்தார்கள். கமிஷன் கண்ணை உருட்டியது. ஏழு இதழோடு கதை முடிந்தது. 1970 ஜனவரியில் 'ஸ்ட்ரேஞ்' வந்தது. அதே வருஷம் தொடங்கிய 'மார்வெல்' இதழும் 13 இதழோடு நின்றது.

பிழைக்க ஒரே வழிதான் மிஞ்சியது. கமிஷன் வெட்டுமுன் தாங்களே வெட்டிக்கொள்வது! சத்தம், வேகக் கோடு, ஆயுதம், அரக்கனின் கோர முகம் எல்லாவற்றையும் அழித்தார்கள், திருத்தினார்கள். பயம் இருக்கிறதே, அது சம்பளமில்லாத தணிக்கை அதிகாரி. பத்திரிகாசிரியரின் மேஜையிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பெயர்களும் மாறின. 'ஸ்பைடர்மேன்' வெறும் 'சிலந்தி' ஆனான். 'வுல்வரின்' என்ற மிருகத்துக்குப் பிரெஞ்சில் உள்ள பெயருக்குப் 'பெருந்தீனிக்காரன்' என்றும் பொருள். அந்தப் பெயரோடு எந்த வீரன் எடுபடுவான்? ஆகவே 'செர்வால்' என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் பெயரைச் சூட்டினார்கள். அது நல்ல மொழிபெயர்ப்பு.

அழித்தது சரியா? எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. வரைந்தவனைக் கேட்காமலே அவன் கோட்டை அழிப்பது பாவந்தான். ஆனால் அழிக்காதிருந்தால் பத்திரிகையே இருந்திராது. மார்வெல் வீரர்கள் 1996 வரை 'ஸ்ட்ரேஞ்' இதழில் உலாவினார்கள். 1980-இல் சீரோ தோதா என்ற சித்திரக்காரர் லூக்குக்காக 'ஃபோட்டோனிக்' என்ற சொந்த வீரனையே படைத்துவிட்டார். அவன் ஒரு கூனல் முதுகுப் பையன். வாசம் செய்வதென்னவோ நியூயார்க்கில்!

கமிஷனுக்குப் பயந்து அழித்தது காகிதத்திலிருந்த சத்தத்தை மட்டுந்தான். படிக்கிற பையன் 'டமார்' என்று தானே சொல்லிக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்?