கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும்

1940 அக்டோபர் 14 அன்று லக்னோவில் பிறந்தவர் ஹாரி ரோட்ஜர் வெப். 1948-இல் குடும்பத்தோடு இங்கிலாந்தில் குடியேறிய அவர், கிளிஃப் ரிச்சர்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு 1958-இல் 'மூவ் இட்' பாடலை இசைத்தட்டில் தந்தார். அவருடைய கிட்டார்க் கலைஞர் இயன் சாம்வெல் பேருந்துப் பயணத்தில் எழுதிய அந்தப் பாட்டுக்கு முதலில் கிடைத்தது தட்டின் பின்பக்கந்தான். ஆனால் அதுவே விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை சென்றது. பிரிட்டனிலேயே விளைந்த முதல் நல்ல ராக் அண்ட் ரோல் பாட்டு அது என்பர்.

பக்கவாத்தியக் குழுவின் முதற்பெயர் டிரிஃப்டர்ஸ். அமெரிக்காவில் அதே பெயரில் ஒரு குழு முன்பே இருந்ததால் 1959-இல் அது ஷேடோஸ் ஆனது. புதுப் பெயரைச் சொன்னவர் பேஸ் கிட்டார் வாசித்த ஜெட் ஹாரிஸ். நியூகாசிலில் வளர்ந்த ஹாங்க் மார்வினும் புரூஸ் வெல்ச்சும் கிட்டார். டோனி மீஹன் டிரம்ஸ்.

1960-இல் ஜெர்ரி லார்டன் இயற்றிய 'அப்பாச்சி' என்ற மெட்டை, குரலே இல்லாமல் இந்நால்வரும் வாசித்துப் பதிவு செய்தனர். அமெரிக்காவிலிருந்து கிளிஃப் வரவழைத்துக் கொடுத்த சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் எதிரொலிக் கருவியும் மார்வினின் கையில் பாடகரின் வேலையைச் செய்தன. தட்டு முதலிடத்தைப் பிடித்தது. அதற்காக இடம்விட்டது கிளிஃபின் 'பிளீஸ் டோன்ட் டீஸ்'. அதை எழுதிய இருவரில் ஒருவர் ஷேடோஸ் குழுவின் வெல்ச்சேதான்! பாடகருக்கும் குழுவுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, நாரி பாரமோர். எனவே இழப்பு என்று யாருக்கும் பெரிதாக இல்லை. பீட்டில்ஸ் குழுவினரும் 1961-இல் ஹாம்பர்க்கில் ஷேடோஸ் பாணியில் ஒரு வாத்திய இசையைப் பதிவு செய்தனர்.

'தி யங் ஒன்ஸ்' (1961), 'சம்மர் ஹாலிடே' (1963) ஆகிய படங்கள் இக்கூட்டணியின் உச்சம். பின்னதன் தலைப்புப் பாடலை எழுதியோர் வெல்ச்சும், மீஹன் விலகியபின் வந்த பிரையன் பென்னட்டும். 1968-இல் யூரோவிஷன் போட்டியில் கிளிஃப் ஒரே புள்ளியில் ஸ்பெயினிடம் வெற்றியை இழந்தார். அவ்வாண்டின் முடிவில் ஷேடோஸ் கலைந்தது. பிறகு எழுபதுகளில் மீண்டும் கூடியது.

அதே எழுபதுகளில் மங்கியிருந்த கிளிஃபின் புகழை மீட்டதும் ஒரு பழைய பக்கவாத்தியக்காரரே. வெல்ச் தயாரித்த 'டெவில் வுமன்' (1976) அமெரிக்காவின் முதல் பத்துக்குள் சென்றது. அவர் தயாரித்த 'வி டோன்ட் டாக் எனிமோர்' (1979) பிரிட்டனில் முதலிடம் பெற்றது. 1995-இல் கிளிஃபுக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. 2009-இல் மார்வின், வெல்ச், பென்னட் மூவரும் அவருடன் சேர்ந்து பழைய பாடல்களைப் புதிதாகப் பதிவு செய்து, இசைப் பயணமும் மேற்கொண்டனர்.