நாரி உளைவின் வரலாறு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் கப்பல்களையும் கொடிகளையும் எண்ணி வைத்துள்ளனர். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கோட்டையைப் பிடித்த கதை ஏடுகளில் உண்டு. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் குண்டு பொழிந்ததும், 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியதும் உண்டு. துறைமுகத்தைச் சூழ வாழ்ந்த குடிமக்களின் உடல் நோவு மட்டும் அவ்வேடுகளில் இடம்பெறவில்லை.

கொட்டியாரக் குடாவின் தென்புறத்துச் சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி ஊரை விட்டோடினர். 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கி அப்போது ஒன்றரை ஆண்டுகூட நிறையவில்லை. பின்னர் கிளிவெட்டி முதலிய முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தனர்.

இத்தகைய வாழ்வுக்கு ஆளானோர் மருத்துவரிடம் சென்று, "மனம் நொந்தது" என்று முறையிடுவது அரிது. நாரி உளைவு, தலையிடி, உடம்பெரிவு, அடக்கவியலாப் பெருமூச்சு என்றே சொல்வர். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம், 1998 இல் வெளிவந்த 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் நூலிலும் தொடர்ந்த ஆய்வுகளிலும், போரில் அடிபட்ட தமிழரின் உளத்துயர் இவ்வாறு உடல் நோயாக வெளிப்படுவதை விளக்கினார். எக்ஸ்ரே படத்தில் பழுது தெரியாவிடின் "ஒன்றுமில்லை" என்று கூறி நோயாளியை அனுப்பிவிடுவது எளிது. அவ்வலி நடிப்பன்று. நீங்காத அச்சம் தசைகளை இறுக்குகிறது, உறக்கத்தைக் கெடுக்கிறது, நரம்புகளின் உணர்ச்சியைக் கூர்மையாக்குகிறது. மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் முதுகுத்தண்டிலேயே வலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்லன என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965 இல் நிறுவ முயன்றனர். அவர்கள் வரைந்த படம் பின்னர் பலவாறு திருத்தப்பட்டது; அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது.

சோமசுந்தரம் பரிந்துரைத்த பயிற்சிகள் நம் மக்கள் அறியாதவை அல்ல: வயிறு எழுந்து தாழ மெல்ல மூச்சுவிடுதல், சாந்தி ஆசனத்தில் கிடந்து ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்துதல், ஒரு சொல்லையே திரும்பத் திரும்ப உருவேற்றுதல். அச்சொல் இந்துவுக்கு ஓம், முஸ்லிமுக்குத் திக்ர், கிறிஸ்தவனுக்குச் செபமாலை, பௌத்தனுக்குச் சரணம். இந்நால்வரும் அருகருகே வாழும் திருகோணமலையில், ஒரே பயிற்சி நால்வர்க்கும் உரியதாய் அமைவது சிறிய செய்தியன்று. இறைநம்பிக்கை இல்லாதவனும் வெறும் மூச்சை எண்ணிப் பயன்பெறலாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கினான் என்பது ஐதீகம். துக்கம் கழிக்கவென்று சொல்லப்பட்ட அந்நீரில் உடலின் இறுக்கமும் தளர்வது இயல்பே. காய்ச்சல், உடல் மெலிவு, கால் வலுவிழத்தல் ஆகியவை வலியோடு சேருமாயின் மருத்துவப் பரிசோதனையை ஒத்திப்போடலாகாது.

இங்கே ஓர் ஏமாற்றுக்கும் இடமுண்டு. நிலத்தை இழந்தவனுக்கு மூச்சுப்பயிற்சியைக் கற்பித்துவிட்டு, நிலத்தைப் பற்றி வாய் திறவாதிருத்தல் அதிகாரத்துக்கு மிக வசதியானது. இரண்டாம் உலகப் போரில் படுகாயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களை ஆராய்ந்த மருத்துவர் பீச்சர், அவர்களில் பெரும்பாலோர் வலிநீக்கி வேண்டுமெனக் கேட்கவில்லை என்று 1946 இல் எழுதினார். அவர்களுக்குக் காயம் என்றால் போர்க்களத்தை விட்டு நீங்குதல். உயிரோடு வீடு திரும்புதல். முகாமில் கிடந்தவனின் நிலையோ இதற்கு நேர்மாறு: உடலில் காயமில்லை, திரும்ப வீடுமில்லை. சம்பூர் நிலத்தின் பெரும்பகுதி 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேதான் உரியவர் கைக்கு மீண்டது.